உண்பதற்கு அல்ல

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் நான் பார்த்த வேலையை உறவினர்களுக்கு விளக்குவது எப்போதுமே சிரமமாக இருந்தது. குழந்தைகளின் பனியன்களுக்குள் கழுத்தோரம் தைக்கப்படும் விரலகலத் துணித்துண்டில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று சரிபார்ப்பதுதான் என் வேலை. அத்தனை சின்னத் துண்டுக்குத் தனியாக ஓர் ஆளா என்று கணியூரிலிருந்து வந்த என் பெரியம்மா ஒருமுறை கேட்டார். ஆள் வேண்டும்தான். ஒரு நாட்டுக்கு 'தீயிலிருந்து விலக்கி வைக்கவும்' என்பது சிவப்பு எழுத்தில் இருந்தாக வேண்டும். அடுத்த நாட்டுக்கு அதே வாசகம் கறுப்பில், இன்னும் பெரிதாக. ஓர் எழுத்து விடுபட்டால் கப்பலேறிய பெட்டிகள் அப்படியே திரும்பி வரும். ஆகவே எழுத்துகளைப் பொறுமையாகப் படிக்கப் பழகியிருந்தேன். சரியான வாசகம் ஒன்றை எழுதி ஒட்டிவிட்டால் எந்தத் தொல்லையும் நம்மை அண்டாது என்றும் நம்பியிருந்தேன்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கு இருமுறை ஆய்வாளர்களை அனுப்புவார்கள். அவர்கள் கழிப்பறைகளை எண்ணுவார்கள், குடிநீரை முகர்ந்து பார்ப்பார்கள், முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சுச் சுருளின் காலாவதித் தேதியைப் படிப்பார்கள். முதலாளி உட்பட நாங்கள் எல்லோரும் பின்னாலேயே நடந்து தலையாட்டுவோம். நம் சுதந்திரத்தில் யாரோ கை வைக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஆனால் உள்ளூர் அலுவலகத்திலிருந்து ஒரு மனிதர் வந்து ஓர் உப்புச் சாடியைத் திறந்து பார்த்தபோது எனக்கு வந்த கோபம், இன்று நினைத்தால் எனக்கே சற்று வேடிக்கையாக இருக்கிறது.

அந்தச் சாடி எங்கள் அலுவலகத்தின் பின்தெருவில் மெஸ் நடத்திய பெண்மணியுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்தவர். கணவர் பக்கத்து கம்பெனியில் டெய்லர். வீட்டின் முன்னறையில் நான்கு நீள மேசைகள் போட்டு, தைத்த துணியில் பிசிறும் ஓட்டையும் பார்க்கும் செக்கிங் பிரிவுப் பெண்களுக்கு மதியச் சாப்பாடு போட்டார். நானும் அங்கேதான் சாப்பிட்டேன். என்னை விட இரண்டு வயது மூத்தவர் என்றாலும், அவர்கள் ஊர் வழக்கப்படி என்னை, அண்ணி என்ற பொருளில், 'மைனி' என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை 'அக்கா' என்பேன்.

அக்காவுக்குச் சமையலில் ஒரே ஒரு பிடிவாதம்: கல்லுப்பு. அவருடைய தந்தை உப்பளத்தில் வேலை செய்தவர். எந்த அண்டாவுக்கு எத்தனை பிடி என்பது அக்காவின் உள்ளங்கைக்குத் தெரியும், வாய்க்குக்கூடத் தெரியாது. ருசி பார்க்காமல்தான் இறக்குவார். பாக்கெட்டில் வரும் தூள் உப்பு அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். ஒருமுறை அவசரத்துக்கு அதைப் போட்டுச் செய்த ரசத்தை மூன்று பேர் கையலம்பும் தொட்டியில் கொட்டியதை அவர் மறக்கவேயில்லை.

அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்கக் கூடாது என்ற தடை அந்தக் காலத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் என்று சொல்லக் காரணம், அதே தடை ஏற்கெனவே ஒருமுறை வந்து, நீங்கி, சில ஆண்டுகளில் திரும்பியிருந்தது. கழுத்து வீக்கமும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் அயோடின் இல்லாமையால் வருகின்றன என்பதை நான் படித்திருந்தேன், மறுக்கவில்லை. ஆனால் கடலோரத்தில் பிறந்து, வாரத்தில் நான்கு நாள் மீன் சாப்பிட்டு வளர்ந்த ஒருவருக்கும் மலைக்கிராமத்துக்காரருக்கும் ஒரே உப்பைக் கட்டாயமாக்குவது எந்த ஊர் நியாயம் என்று கேட்கத் தோன்றியது.

உணவு ஆய்வாளர் மென்மையானவர். தோளில் ஒரு ஜோல்னாப்பை, பேச்சில் 'ங்க' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. முதல் தடவை அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் தடவை சாடியைத் திறந்து பார்த்துவிட்டு நோட்டீஸ் எழுதினார். அத்தோடு நிற்காமல் உள்ளறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில் இருந்த சிறு ஜாடியையும் இழுத்துத் திறந்தார். அது தங்கள் வீட்டுக்கென்று வைத்திருப்பது என்று அக்கா சொன்னார். வீடு எங்கே முடிகிறது, மெஸ் எங்கே ஆரம்பிக்கிறது என்று தமக்குத் தெரியவில்லையே என்று ஆய்வாளர் வருத்தத்தோடு பதில் சொன்னார். அவர் உண்மையாகவே வருந்தினார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, கையில் மோர்ச் சோற்றோடு உட்கார்ந்திருந்த எனக்கு, அதைக் காட்டிலும் அகம்பாவமான சொல் இருக்க முடியாது என்றுதான் பட்டது.

அன்று மாலையே ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். குடிமகனின் அடுப்படி வரைக்கும் அரசு நுழையலாமா, அடுத்து என் குழம்பில் எத்தனை மிளகாய் என்பதற்கும் ஓர் ஆணை வருமா என்றெல்லாம் கேட்டிருந்தேன். 'உரிமை' என்ற சொல்லை ஒன்பது இடங்களில் எழுதியிருந்ததாக ஞாபகம். பத்து நாள் கழித்து அதிலிருந்து ஆறு வரிகளை எடுத்து, 'உப்பு தட்டுப்பாடு நீங்குமா?' என்ற தலைப்பில் வெளியிட்டார்கள். 'உரிமை' ஓர் இடத்தில்கூட இல்லை. அக்கா அதை வெட்டி, அரிசி டப்பாவின் மேல் ஒட்டிவைத்தார். தட்டுப்பாடு நீங்கிவிடும் என்று சிலர் எனக்கு ஆறுதலும் சொன்னார்கள்.

கடிதம் பலிக்கவில்லை என்றதும் என் தொழில் புத்தி வேலை செய்தது.

தெருமுனை மளிகைக் கடைக்காரர் குன்னத்தூர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். தடை வந்த வாரமே கல்லுப்பு மூட்டையைக் கடைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஒரு சிறிய விஷயத்தை விளக்கினேன். தடை உண்பதற்கான உப்புக்குத்தான். திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாக உப்பு தேவைப்படுகிறது. ஊரைச் சுற்றிச் சாயப்பட்டறைகள். அந்த உப்பை விற்க யாரும் தடை போடவில்லை. மூட்டையின் மேல் சரியான வாசகம் இருந்தால் போதும். அலுவலகத்து அட்டை ஒன்றில் என் கையாலேயே அழகாக எழுதிக் கொடுத்தேன்: 'சாய உப்பு. தொழில் உபயோகத்துக்கு மட்டும். உண்பதற்கு அல்ல.'

கடைக்காரர் அதை இரண்டு முறை படித்தார்.

"தப்பு வராதுங்களே அம்மிணி?"

"உங்க மேல தப்பே வராதுங்க. எழுத்துல இருக்குது பாருங்க" என்றேன்.

அவ்வளவு பெருமையாக நான் என் முதலாளியிடம்கூட எதையும் ஒப்படைத்ததில்லை.

மூட்டை கடை வாசலுக்கு வந்தது. தெருவே ஒரு விளையாட்டில் சேர்ந்துகொண்டது போல ஆயிற்று. பெண்கள் வந்து, முகத்தை மாற்றாமல், "ரெண்டு கிலோ சாய உப்பு குடுங்க" என்பார்கள். கடைக்காரரும் முகத்தை மாற்றாமல், "எந்தக் கலருக்குங்க?" என்பார். "சாம்பார்க் கலருக்கு" என்று யாரோ ஒருநாள் சொன்னதிலிருந்து, ரசக் கலர், ஊறுகாய்க் கலர் என்று அது வளர்ந்தது. ஆய்வாளர் இரண்டு முறை கடையைத் தாண்டிப் போனார், அட்டையைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் மேசையில் காட்டுவதற்கு ஒரு பாக்கெட் உப்பு வைத்துக்கொண்டு, உள்ளே தம் உள்ளங்கைக் கணக்கைத் தொடர்ந்தார். ஓர் அரசாணையை மூன்று வரிகளால் மடக்கிய நிறைவில் நான் பல மாதங்கள் நன்றாகத் தூங்கினேன்.

'சாய உப்பு' என்பது எங்கள் தெருவின் வேடிக்கைச் சொல். சாயப்பட்டறைக்காரர்களுக்கோ அது உண்மையான சொல் என்பதும், அவர்கள் அந்தப் பெயரில் இரண்டு வகை உப்புகளை வாங்குகிறார்கள் என்பதும் எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்று நாம் சாப்பிடும் உப்பேதான். இன்னொன்று கிளாபர் உப்பு. அதுவும் வெள்ளை, அதுவும் கல் கல்லாக வரும், ஆனால் அது வேறு பொருள்.

கடைக்காரர் உறவில் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் ஊருக்குப் போனார். கடையை அவருடைய மச்சினர் பார்த்துக்கொண்டார். இரண்டாம் நாள் மூட்டை தீர்ந்தது. மச்சினர் பொறுப்பானவர், வாடிக்கையாளர்களைத் திருப்பியனுப்ப மனமில்லாமல், அட்டையில் எழுதியிருந்ததை அப்படியே மொத்த வியாபாரியிடம் போனில் படித்தார். சாய உப்பு ஒரு மூட்டை வேண்டும் என்றார். கிளாபர்தானே என்று வியாபாரி கேட்டாராம். நல்லதாக எது இருக்கிறதோ அதையே அனுப்பச் சொல்லியிருக்கிறார் இவர்.

முதலில் வாங்கியது அக்கா. அன்று மெஸ்ஸில் சுண்டைக்காய் வற்றல் குழம்பு. குழம்பில் சற்றுக் கசப்புத் தூக்கலாக இருந்தது. சுண்டைக்காயைப் பழி சொன்னோம். எல்லாவற்றிலும் உப்பு பற்றவில்லை என்று குரல்கள் எழுந்தன. தம் கைக்கணக்கு வாழ்வில் முதல்முறை தவறிவிட்டதே என்று கூசிப்போன அக்கா, ரசத்திலும் மோரிலும் இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போட்டார். கிண்ணத்தில் எடுத்துவந்து மேசைகளிலும் வைத்தார். நாங்களும் போட்டுக்கொண்டோம்.

பிற்பகல் மூன்றரை மணிக்குச் செக்கிங் பிரிவு பாதி காலியாகிவிட்டது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் அத்தனை முறை எண்ணிச் சரியென்று சொல்லியிருந்த கழிப்பறைகள் அன்றைக்குப் போதவில்லை. எங்கள் அலுவலகத்தின் படித்த பெண்மணியான நானும் மற்றவர்களோடு வரிசையில் நின்றேன் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். யாருக்கும் ஆபத்தில்லை. இரண்டு பேருக்கு குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. மறுநாள் அவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள். கிளினிக் மருத்துவர் அக்காவின் சாடியிலிருந்து ஒரு கல்லை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேதி மருந்தும்மா இது. அந்தக் காலத்துல டாக்டருங்களே எழுதிக் குடுப்பாங்க. காசில்லாம எல்லாருக்கும் வயிறு சுத்தமாயிருச்சு."

ஆனால் மெஸ்ஸின் கதவில் அன்று மாலையே பூட்டு தொங்கியது. மறுஉத்தரவு வரும் வரை சமைக்கக் கூடாது. உரிமத்தையே ரத்து செய்யலாம் என்றும் பேச்சு. ஆய்வாளர் உப்பை எங்கே வாங்கியது என்று கேட்டபோது, ஊரிலிருந்து தம்பி கொண்டுவந்தது என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

"ஏனுங்கக்கா இப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு கதவப் பூட்டுனது போதும் மைனி. அந்த மனுசன் கடையவும் எதுக்குப் பூட்டணும்? அவரு பயந்தவரு வேற." பிறகு கொஞ்சநேரம் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பூட்டுனதுகூட பெருசில்ல. இந்தப் பிள்ளைக இனிமே எங்கையால வாங்கித் திங்குமா, அதச் சொல்லுங்க."

அந்த ஒரு கேள்விக்காகத்தான் மறுநாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மூட்டையிலிருந்து கிழித்தெடுத்த அட்டையோடு ஆய்வாளரின் அலுவலகத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டால் அக்காவின் மேல் விழுந்தது கரைந்துபோகும் என்று நினைத்தேன். தடையைப் பற்றிய என் கருத்தையும் இரண்டொரு வாக்கியங்களில் சொல்வதாக இருந்தேன்.

அவர் முழுவதையும் கேட்டார். அட்டையை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"கையெழுத்து நல்லாருக்குதுங்க. நீங்க எழுதினதுங்களா?"

ஆமாம் என்றேன்.

"கடைக்காரர் மேல நான் என்னன்னு எழுதறதுங்க? சாய உப்புன்னு எழுதி வெச்சு, சாய உப்பத்தான வித்திருக்கறாரு. உண்பதற்கு அல்லன்னும் போட்டிருக்குது." அவர் குரலில் கேலி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "அல்லாரும் படிச்சவங்க. ஏனுங்க தின்னீங்க?"

என் வாசகம் அவர் மேசைமேல் கிடந்தது. அந்த வாசகம் கடைக்காரரைக் காப்பாற்றிவிட்டது. நான் எழுதிக் கொடுத்தபடியே ஓர் ஓட்டையும் இல்லாமல் காப்பாற்றிவிட்டது. உண்ணக் கூடாது என்று எழுதியிருந்ததை வாங்கிச் சமைத்துப் போட்டவர் என்ற குற்றத்தை முழுவதுமாக அக்காவின் தலையில் வைத்ததும் அதே மூன்று வரிகள்தான். நான் அட்டையைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால், தம்பி கொண்டுவந்த உப்பு ஏதோ கெட்டுப்போயிற்று என்றாவது முடிந்திருக்கும்.

இரண்டொரு வாக்கியங்களில் சொல்ல நினைத்திருந்த கருத்தை அப்படியே விட்டுவிட்டேன். அட்டையில் இருப்பது பொய் என்று எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வாரா என்று மட்டும் கேட்டேன். வாங்குபவர் எழுதிக் கொடுத்தால் போதாது, விற்றவரும் சொல்ல வேண்டும் என்றார்.

கடைக்காரர் ஊரிலிருந்து திரும்பி, விஷயம் தெரிந்து, துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கை நின்றுவிட்டது.

"எம்மேல தப்பே வராதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க அம்மிணி."

"இப்பவும் வராதுங்க. நீங்க சும்மா இருந்தா பழியெல்லாம் அக்கா தலையோட போயிரும். அதுதானுங்க வந்திருக்கறேன்."

தராசில் இன்னும் ஒரு கைப்பிடி பருப்பைப் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். அக்கா யார் பெயரையும் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். முன்பே சொல்லியிருக்கலாம், ஆனால் அது வற்புறுத்துவதாகிவிடும் என்று தயங்கியிருந்தேன். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கினார். வழி நெடுக, என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்றேன். அதைச் சொல்வதற்கு அவருக்கு அன்று என் எழுத்து தேவைப்படவில்லை. "சாயத்துக்குன்னு எழுதி வெச்சு சாப்பாட்டுக்குத்தானுங்க வித்தேன். இந்தத் தெருவுல ஒருத்தர்கூட சாயத்துக்கு வாங்கலீங்க" என்று நின்றபடியே ஒப்பித்தார். ஆய்வாளர் அதை எழுதி முடிக்கும்வரை அவர் உட்காரவேயில்லை. நானும் என் பங்குக்கு ஒன்று எழுதிக் கையெழுத்திட்டேன். இம்முறை அரைப் பக்கம்.

கடைக்காரருக்கு ஓர் அபராதமும், அக்காவுக்கு எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கையும் வந்தன. எனக்கு ஒன்றும் வரவில்லை. எழுதிக் கொடுப்பவர்களைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லையாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, பத்துப் பன்னிரண்டு நாளில் மெஸ் திறந்தது. முத்திரை உடைக்காத பாக்கெட் உப்பு மட்டுமே சமையலறையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இத்தனைக்குப் பிறகும், எந்த உப்பைத் தின்பது என்பதை என் வீட்டுக்குள் நான்தான் முடிவுசெய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மாறிவிடவில்லை. ஆனால் அந்த எண்ணத்துக்காக ஒரு பொய்யை எழுதி, கெட்டிக்காரத்தனம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

அக்கா நிபந்தனையைத் தம் வழியில் நிறைவேற்றினார். உப்பே போடாமல் சமைத்தார். ஒவ்வொரு மேசைக்கும் பிரிக்காத ஒரு பாக்கெட்டும் ஒரு கத்தரிக்கோலும் வைத்தார். "என்ன உப்புன்னு நீங்களே படிச்சுப் பாருங்க, நீங்களே வெட்டுங்க, நீங்களே போட்டுக்கிடுங்க. நான் தொட மாட்டேன்." ஆய்வாளர் ஒருநாள் வந்து பார்த்து, சட்டப்படி இதில் ஒரு குறையும் இல்லை என்று தலையைச் சொறிந்தபடி போனார். நான் கடிதத்தில் கேட்ட தனிமனித சுதந்திரம் முழுமையாக நிறைவேறிய இடம் உலகத்திலேயே அந்த மெஸ்தான் என்று நினைக்கிறேன். சாப்பிடத்தான் முடியவில்லை. வெந்த பருப்பின் மேல் தூள் உப்பைத் தூவிக் கலக்கினால் உப்பு ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமும் நிற்கும். முன்பு வந்தவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். வந்தவர்கள் அவரவர் தட்டில் குனிந்து தூவிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, செக்கிங் பிரிவின் மூத்த பெண் சாப்பிட வந்தாள். அவளும் தெற்கத்திக்காரி, குளுக்கோஸ் ஏற்றப்பட்ட இருவரில் ஒருத்தி. அன்றுவரை அவள் வரவில்லை. உட்கார்ந்து, சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் வைத்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எக்கா, காலையிலேருந்து துணியில ஓட்டை பாத்துப் பாத்து கண்ணு போவுது. இங்க வந்தும் நானே பாத்து நானே போடணும்னா, நான் வீட்லயே பொங்கித் திம்பேன்லா? நீங்களே போடுங்க."

"எங்கணக்கு இந்த உப்புக்கு ஒத்துவராது, ஏட்டி. கூடிப்போயிரும்."

"கூடுனா கூடுதுன்னு சொல்லுவோம். நாளைக்குக் கொறைங்க."

அக்கா பாக்கெட்டை வாங்கி, பின்பக்கம் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பல்லால் ஓரத்தைக் கிழித்து, உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, சாம்பார் அண்டாவின் முன்னால் நின்றார். கையை மூடினார்; திறந்தார்; பாதியைத் திரும்பப் பாக்கெட்டுக்குள் தள்ளினார். மீதியைப் போட்டுக் கலக்கி, நான் பார்த்த அத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக, கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தார்.

கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. யாரும் சொல்லவில்லை.